தொட்டிலில் கிடந்த கல்

14 டிசம்பர் 2025, ஞாயிறு

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தமிழ்நாட்டு வீட்டில் தொங்கும் தூளித் தொட்டிலுக்குள் கிடந்த குழவிக்கல்லைக் காலையில் எடுத்து அம்மிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பதிலாக வைக்க வேண்டிய மணல் பையை வைக்கவில்லை. பையை இன்னும் தைத்து முடிக்கவில்லை. அதனால் தொட்டில் வெறுமனே தொங்கியது.

சிறு தவறு என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல் சரிதானா என்று தெரியவில்லை. நான் படிக்கும் அருங்காட்சியகவியல் மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை சொல்லித்தந்த முறைப்படி எழுதுகிறேன். அன்று செய்த தவறு முதலில், நடந்தது பிறகு, மறுநாள் வேலை கடைசியில். அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவர்கள் இப்படி எழுதிப் பழக வேண்டும் என்பார். என் நாட்குறிப்பில் முதல் பகுதிதான் எப்போதும் நீளமாக இருக்கிறது.

எங்கள் டெல்லி அருங்காட்சியகம் திறந்தவெளியில் இருக்கிறது. வேப்ப மரங்களுக்கு நடுவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். எதையும் கண்ணாடிக்குள் பூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து ராஜஸ்தான் வீட்டில் கம்பு அரைக்கலாம், பீகார் வீட்டில் சுவருக்கு மண் பூசலாம், ஹரியானா வீட்டில் கட்டிலுக்குக் கயிறு திரிக்கலாம். தமிழ்நாட்டு வீட்டில் உரலில் நெல் குத்தலாம், தூளி கட்டிப் பார்க்கலாம். அந்த வீடு என் பொறுப்பு. தமிழன் என்பதற்காகக் கொடுத்தார்கள். ஆத்தூரில் நாங்கள் இருந்தது தளம் போட்ட வாடகை வீடு. மேலே விட்டமே கிடையாது. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தூளி கட்ட நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

குளிர்காலத்தில் டெல்லியில் விறகு எரிக்கத் தடை. புகைமூட்டம் ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. அதனால் எங்கள் மண் அடுப்புக்குள் ஒரு சிவப்பு பல்பு போட்டிருக்கிறோம். பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டிக் குளிர் காய்கிறார்கள். சூடே இல்லை என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

கதிரவன் சார் குடும்பம் எனக்கு அந்த அடுப்பின் முன்னால்தான் பழக்கமானது. அக்டோபர் கடைசி. அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க், மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அன்று அவரோடு நான்காம் வகுப்பு படிக்கும் மகள் வைஷ்ணவியும், பிரசவத்துக்கு ஒத்தாசையாகத் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா ஆராயியும் வந்திருந்தார்கள். மனைவி ஸ்வப்னா நிறைய நடக்கக்கூடாது என்பதால் வீட்டில் இருந்தார்.

ஆராயி அக்கா அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“பல்பா? நல்லாருக்குடாப்பா. டெல்லியில புள்ளைவளுக்குச் சோத்தையும் படமாத்தான் போடுவீங்களா?”

“இங்க நெருப்பு வைக்கக் கூடாதுங்க அக்கா.”

“அக்காவா? ஒங்கம்மா வயசு எனக்கு. சரி, அக்கான்னே கூப்புடு. காசா பணமா.” பிறகு நிமிர்ந்து தொட்டிலைப் பார்த்தார். அருங்காட்சியகம் கொடுத்த பச்சை நைலக்ஸ் துணியை விரலால் தடவினார். “இதுல புள்ளையப் போட்டா ஒரே வழுக்கா வழுக்கித் தரைக்கு வந்துரும். யாரு கட்டுனது?”

“நான்தான்.”

“அதான பாத்தேன்.”

அடுத்த ஞாயிறு அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை. வைஷ்ணவி பிறந்தபோது தூளி கட்டிய சேலை. தை மாதம் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதுதான் என்று எடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளை பிறக்கும் முன்னால் புதுத்துணி வாங்குவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை.

“குவாட்டர்ஸ்ல ஃபேன் கொக்கிதான் இருக்கு, விட்டம் இல்ல” என்றார். “நான் தூளி கட்டி வருசமாச்சு. இங்க ஒருக்கா கட்டிப் பாத்துக்கறன். ஒன்னோட நைலக்ஸ மடிச்சு வெய்யி.”

விட்டத்தில் போட்டு முடிந்து, கையால் இழுத்துப் பார்த்து, அம்மியிலிருந்து குழவிக்கல்லை எடுத்து வந்து உள்ளே கிடத்தினார்.

“வெறுந் தூளி தொங்கக் கூடாது. எங்கூர்ல பேரு வெக்கிற அன்னைக்கும் மொதல்ல கொழவிக்கல்லத்தான் போட்டு ஆட்டுவோம். அப்பறந்தான் புள்ள.”

அதை அன்றே என் குறிப்பில் எழுதினேன். ‘வெறும் தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு ஆகாது என்பது நம்பிக்கை. தகவல்: ஆராயி, துறையூர்.’ ஆகவே எனக்குத் தெரியாது என்று இன்று எழுத முடியாது.

அந்த வாரமே ஸ்வப்னாவுக்கு வலி வந்து, தையில் பிறக்க வேண்டியவன் ஐப்பசி முடிவதற்குள் பிறந்துவிட்டான். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பால் கொடுக்க ஸ்வப்னா அங்கேயே தங்கிவிட்டார். குழந்தைகளை அந்த வார்டுக்குள் விடுவதில்லை. வைஷ்ணவி தன் தம்பியை அப்பாவின் மொபைலில்தான் பார்த்திருக்கிறாள். ஞாயிறுதோறும் கதிரவன் சார் அக்காவையும் மகளையும் எங்களிடம் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போவார், மாலையில் வந்து அழைத்துப் போவார். வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

சேலையை அவிழ்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். ஆராயி அக்கா முறைத்தார். “புள்ள பெட்டிக்குள்ள கெடக்கையில தூளிய அவுப்பாங்களா? அவன் வீட்டுக்கு வர்றன்னைக்கு நானே வந்து அவுத்துக்கறன். அது வரைக்கும் கல்லு கெடக்கட்டும்.”

வைஷ்ணவி அந்தக் கல்லுக்கு சோட்டு, அதாவது சின்னவன், என்று பெயர் வைத்தாள். பள்ளியில் படித்த ஏதோ ஓர் இந்திப் பாட்டைப் பாடிக்கொண்டு ஆட்டுவாள்.

“அத்தை, நிஜ சோட்டு இவ்ளோ பாரியா, வெயிட்டா இருப்பானா?”

“இதுல கால்வாசி இல்லடி ஒந்தம்பி. பூனக்குட்டி மாரி கெடக்கான்.”

“பூனக்குட்டின்னா?”

“பில்லி, பில்லி. ஒனக்குத் தமிழு சொல்லித் தர்றதுக்கு நான் இந்தி படிக்கணும்போல.”

இனி இன்றைக்கு வருகிறேன். போன வாரம் காசியாபாத்திலிருந்து வந்த ஒரு பையன் தொட்டிலிலிருந்து கல்லைத் தூக்கிக் கால் விரலுக்கு அருகே போட்டுவிட்டான். அடிபடவில்லை. ஆனால் எங்கள் பிரிவு அதிகாரி ஜெயகிருஷ்ணன் சார், டெல்லி கோல் மார்க்கெட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

“அரே நரேன், அந்தக் கல்லை எடுத்துடுடா. யாராவது ஒரு பேரன்ட் வீடியோ எடுத்துப் போட்டான்னா என் ரிட்டயர்மென்ட் வரைக்கும் அதுக்கு ரிப்ளை எழுதிண்டிருக்கணும். மண்ணோ பஞ்சோ வெச்சு ஒரு மூட்டையாத் தெச்சுப் போடு. ஜல்தி.”

வாரம் முழுவதும் வகுப்பு இருந்தது, தைக்கவில்லை. இன்று காலை கல்லை மட்டும் எடுத்தேன்.

பத்து மணி தாண்டியும் சூரியன் தெரியவில்லை. எதிரே பீகார் வீட்டின் கூரை பாதிதான் தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஆராயி அக்கா ராஜஸ்தான் வீட்டுக்குப் போய்த் திரிகையில் உட்கார்ந்துவிட்டார். போன இரண்டு வாரமாக அப்படித்தான். வருகிறவர்கள் ஒரு பிடி அரைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இவர் கூடையில் இருக்கும் கம்பு முழுவதையும் அரைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். “கை சும்மா இருந்தா மனசு ஆசுபத்திரிக்கு ஓடுது தம்பி” என்று ஒருமுறை சொன்னார்.

வைஷ்ணவி என்னிடம் ஓடி வந்தாள். அவளுக்கு நான் பையா, இந்தியில் அண்ணன். “நரேன் பையா, சோட்டு எங்க?”

“இன்னைக்கு அம்மிகிட்டப் படுத்திருக்கான்” என்று விளையாட்டாகச் சொன்னேன். உரலைச் சுற்றி ஃபரீதாபாத் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. உலக்கையை எப்படிக் கை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் கல்லைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. திரும்பிப் போய் வெறும் தொட்டிலைப் பிடித்து ஆட்டினாள். நன்றாக வீசி ஆட்டினாள். சேலை காற்று வாங்கி உப்பி உப்பி வந்தது. நான் அதைப் பார்த்தேன். உரலைவிட்டு நகரவில்லை.

ஆராயி அக்கா மாவுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். பொட்டலம் கீழே விழுந்தது.

“அடிப் பாவி! காலித் தூளிய ஆட்டுறியேடி!” கையில் ஓர் அடி. அறைந்த சத்தத்தில் உலக்கை நின்றது.

“க்யா ஹுவா ஆன்ட்டிஜி?” என்றார் ஃபரீதாபாத் அம்மாள்.

“அத்தை, நான் என்ன பண்ணேன்?” என்றாள் வைஷ்ணவி.

“கல்லு எங்கடா? கல்ல யாரு எடுத்தா?”

“நான்தான் அக்கா. பிள்ளைங்க காலில போட்டுக்குதுன்னு…” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பிறகு இன்னும் மோசமாக ஒன்று சொன்னேன். “இது நிஜ வீடு இல்லீங்களே அக்கா. காட்சிக்கு வெச்சதுதானே.”

அவர் தரையில் சிந்திய மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அடுப்பு பொய்யி, ஒத்துக்கறன். சேல யாருது? எந்தம்பி புள்ள படுக்க வேண்டிய சேல. ஆட்டுனது யாரு? அவங்கூடப் பொறந்த பொண்ணு. இதுல எதுடா பொய்யி?”

நான் கல்லைத் தூக்கி வந்து தொட்டிலில் வைத்தேன். வைஷ்ணவி அடிபட்ட கையைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொண்டுவந்த புளிச்சோற்றை இருவரும் தொடவில்லை. மூன்று மணிவாக்கில் கதிரவன் சார் அக்காவை அழைத்தார். குழந்தைக்குக் கிருமித் தொற்று, பால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், மறுபடி மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். ஆராயி அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். வைஷ்ணவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொன்னது என்று அவளுக்கும் புரிந்தது.

வேலை முடிந்து கிளம்பும்போது ஜெயகிருஷ்ணன் சாரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“இதெல்லாம் நாம ரெக்கார்ட் பண்ணணும்டா. நம்பக் கூடாது.”

“உங்க வீட்டில வெறும் தொட்டிலை ஆட்ட விடுவீங்களா சார்?”

அவர் மாஸ்க்கை இறக்கி இருமினார். “என் ஆத்துல தொட்டிலுக்கு ஏதுடா ஆள்? பசங்க ரெண்டும் டொரான்டோ” என்றார். 

நாளை திங்கள், விடுமுறை. மணல் பையைத் தைக்க வேண்டும். இனி அதனால் என்ன பயன் என்று தெரியவில்லை. இருந்தாலும் தைக்க வேண்டும்.

17 டிசம்பர், புதன்

இன்றைய தவறு: மோதி பாக்கில் வேறு பிளாக்கில் ஏறி யார் வீட்டு மணியையோ அடித்துவிட்டேன். கதவைத் திறந்தவர் என்னை கேஸ் சிலிண்டர் ஆள் என்று நினைத்து ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டினார். மன்னிப்புக் கேட்டு இறங்கினேன். மாலை வகுப்புக்கும் போகவில்லை.

மதியம் கதிரவன் சார் அழைத்திருந்தார். “நரேன், ஒரு ஒதவி. இவ மூணு நாளா ஸ்கூலுக்குப் போவல. சாப்பாடும் சரியா இல்ல. ஸ்வப்னா குளிக்கத் துணி மாத்த வீட்டுக்கு வந்தா ஓடி ஒளிஞ்சுக்குறா. நீங்க அந்த மியூசியத்து ஆளு. நீங்க சொன்னா கேப்பாளோ என்னமோ.”

“குழந்தை எப்படி இருக்கான் சார்?”

“அப்படியேதான். பாக்கலாம்னு சொல்றாங்க.” மறுபடியும், “பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொல்றாங்க” என்றார்.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும் கொதிக்கும் தண்ணீர் வாசனையும் விக்ஸ் வாசனையும் வந்தன. அடுப்பில் பால் எடுக்கும் பம்பின் சின்னச் சின்னப் பாகங்கள் ஒரு பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன. குழந்தைக்குப் பால் நிறுத்திவிட்டாலும் ஸ்வப்னா எடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமாம், நின்றுபோனால் திரும்ப வராதாம். வெயில் இல்லாததால் துணிகளை நாற்காலி முதுகுகளில் போட்டிருந்தார்கள். கூடத்தில் ஃபேன் கொக்கி இருந்தது. நான் அதைப் பார்ப்பதை ஆராயி அக்கா பார்த்தார். வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையால் பால்கனியைக் காட்டினார்.

குளிர்காலத்துக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டிவைத்த ஏர் கூலருக்கும் சுவருக்கும் நடுவில் வைஷ்ணவி உட்கார்ந்திருந்தாள். ஒரு பூனை புகும் அளவுக்குத்தான் இடம். எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. நான் வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

“வைஷு, நான் நரேன்.”

“தெரியும்.”

“சாப்பிட்டியா?”

கீழே யாரோ வேர்க்கடலை விற்றுக்கொண்டு போனார். அவர் குரல் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தாள்.

“பையா, வெறும் தொட்டில் ஆட்டினா பேபிக்கு ஆகாதுன்னு அத்தை சொன்னாங்க. சச்சியா, நிஜமா?”

இந்தக் கேள்விக்குப் பேருந்தில் வரும்போதே ஒரு பதில் தயாரித்திருந்தேன். “அதெல்லாம் சும்மா, வைஷு. பழைய காலத்து ஆளுங்க நம்பினது. சோட்டுவுக்கு வந்திருக்கிறது இன்ஃபெக்ஷன். கிருமி. அதுக்கும் தொட்டிலுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவள் யோசித்தாள். “சும்மான்னா அத்தை ஏன் அழுதாங்க?”

“பயந்துட்டாங்க.”

“நீங்க ஏன் ஓடிப் போய்க் கல்லைத் திரும்ப வெச்சீங்க?”

 நான் தயாரித்து வந்த பதில் ஒன்றுதான். அவள் முகம் கூலருக்குப் பின்னால் இருட்டில் சரியாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் ஸோர்ஸே ஆட்டினேன் பையா. ரொம்ப வேகமா. அதான் அவனுக்கு மூச்சு வரல.”

அப்போது நான் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, யாரிடமும் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சரி, நிஜம்னே வெச்சுக்குவோம். ஆனா அந்தத் தோஷம் ஆட்டினவங்களுக்குக் கிடையாது. கல்லை எடுத்தவங்களுக்குத்தான்.”

“கல்லை யார் எடுத்தா?”

“நான்தான் எடுத்தேன்.”

“கல்தி ஸே?”

தெரியாமல் செய்த தவறா என்று கேட்கிறாள். “இல்ல. தெரிஞ்சேதான் எடுத்தேன். வேற ஒண்ணு வைக்கணும்னும் தெரியும். வைக்கல.”

“அப்ப உங்க கல்தி.”

“ஆமா. என் கல்தி.”

“அத்தை!” என்று கத்தினாள். “அத்தை, பையா சொல்றது சச்சியா?”

திரும்பிப் பார்த்தேன். ஆராயி அக்கா பால்கனிக் கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கையில் கீரைக் கட்டு. அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். நல்ல பார்வை என்று சொல்ல முடியாது.

“ஆமாடி” என்றார். “கல்ல எடுத்தவனத்தான் சாரும். ஆட்டுன கைக்கு ஒண்ணுமில்ல. எங்கூர்ல அப்புடித்தான்.”

“பக்கா?”

“பக்கா. எந்திரிச்சு வா. குளுரு ஏறிக் கெடக்கு, ஒனக்கும் சளி புடிச்சா யாரு பாக்குறது?”

கூலருக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு கால் வந்தது. பிறகு தூசி ஒட்டிய ஸ்வெட்டர்.

நான் எழுந்திருப்பதற்குள் கதிரவன் சாரும் ஸ்வப்னாவும் வந்துவிட்டார்கள். ஸ்வப்னாவை இன்றுதான் முதலில் பார்த்தேன். அவருடைய அப்பா விமானப்படையில் இருந்தவர். மேற்கு வங்கத்துக் கலைகுண்டாவில் இருந்தபோது ஸ்வப்னா பிறந்ததால் வங்காளப் பெயர் என்று வைஷ்ணவி முன்பே சொல்லியிருக்கிறாள். கையில் மருத்துவமனைப் பட்டை, காலில் மருத்துவமனையின் ரப்பர் செருப்பு. மாற்ற மறந்திருக்கிறார்.

வைஷ்ணவி ஓடவில்லை. அம்மாவிடம் போய் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். “மம்மி, நான் இல்ல. கல்லை எடுத்தது நரேன் பையா. அவருக்குத்தான் தோஷம். அத்தைகூட சொன்னாங்க.”

 ஸ்வப்னா மகளின் தலைமேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணி, அவருக்கு டீ குடுத்தீங்களா?” என்றார்.

டீ குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டது, நாக்கைச் சுட்டது. வைஷ்ணவி அம்மாவின் மடியில் உட்கார்ந்து சோறு தின்றாள். வெந்தயக்கீரைக் குழம்பு. இரண்டாம் முறையும் போடச் சொன்னாள். கதிரவன் சார் என்னைப் பார்க்காமல் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டுவரை ஆராயி அக்கா வந்தார்.

“அப்படி ஒரு சாத்திரம் உண்டா அக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கென்னடா தெரியும்? நீதான சொன்ன.” சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “இது வரைக்கும் இருந்துச்சோ இல்லியோ, இனிமே உண்டு. நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அவ கேப்பா. அப்ப வந்து அதெல்லாம் சும்மான்னு மாத்திப் பேசாத. சொன்னவன் நீ, நீதான் வெச்சுக்கணும்.”

“சரிங்க அக்கா.”

“சேலையக் கொண்டாந்தது நானு. அது எனக்குத் தெரியும். அத அந்தப் புள்ளகிட்டச் சொல்ல என்னால ஆவல.” திரும்பிப் போய்விட்டார்.

முனிர்காவில் இருக்கும் என் அறைக்குப் பேருந்தில் வரும்போது யோசித்தேன். சொன்னது பொய்யா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஒரு நம்பிக்கையைப் பதிவு செய்ய வேண்டியவன் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டேன். வகுப்பில் சொன்னால் ஆசிரியைக்குக் கோபம் வரும்.

நாளைய வேலை: ஞாயிற்றுக்கிழமை மண் பூச்சுக்கு மண்ணைச் சலித்து வைக்க பீகார் வீட்டுக்காரர்கள் ஆள் கேட்டிருக்கிறார்கள். போக வேண்டும்.

20 டிசம்பர், சனி

இன்றைய தவறு: தொலைபேசி அடித்தபோது எடுக்கவில்லை. மண் சலித்துக்கொண்டிருந்தேன், முழங்கைவரை மண். சட்டைப் பையில் இரண்டு தடவை அடித்து நின்றது. மாலை வகுப்புக்கு வராத நாளுக்கு விளக்கம் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கை கழுவி எடுத்துப் பார்த்தால் கதிரவன் சார்.

நானே அழைத்தேன்.

“முடிஞ்சிருச்சு நரேன்” என்றார்.

  அலுவலகத்தில் கோப்பு விவரம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். மருத்துவமனையில் காலையில்தான் கொடுப்பார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைக்க வேண்டும், அதற்கு இடம் விசாரித்தாகிவிட்டது, தெரிந்தவர் ஒருவர் கூட வருகிறார். பெயர் இன்னும் வைக்கவில்லை, தாளில் ஸ்வப்னாவின் குழந்தை என்றுதான் போட்டிருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று ஸ்வப்னா சொல்லிவிட்டார்.

“நரேன், அந்தச் சேல.”

“சொல்லுங்க சார்.”

“புதுத் துணி வாங்க வேணாம்னு அக்கா சொல்றாங்க. அவனுக்குன்னு எடுத்து வெச்ச சேலையிலதான் சுத்திக் கொண்டு போவணும்னு. நாங்க வீட்டுல இருந்து எட்டு மணிக்குக் கெளம்புவோம். அதுக்குள்ள கெடைக்குமா?”

“கொண்டு வர்றேன் சார்.”

“அக்கா அவங்க வந்து அவுக்கறதாத்தான் சொல்லியிருந்தாங்க. இப்ப வேணாங்குறாங்க. நீங்களே அவுத்துருங்க.”

பின்னால் ஏதோ பேச்சு கேட்டது. வேண்டாம் என்று யாரோ தடுப்பதும் கேட்டது. பிறகு வைஷ்ணவியின் குரல் மிக அருகில்.

“நரேன் பையா.”

“வைஷு.”

“சோட்டு செத்துட்டான்.”

“ம்.”

“நான் இல்லதானே?”

“நீ இல்ல.”

“கல்லை எடுத்தது நீங்கதானே?”

“ஆமா. நான்தான்.”

“அச்சா” என்றாள். தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது.

கேட்டவுடன் பதில் சொன்னேன். யோசிக்கவில்லை. நான் யோசிக்காமல் சொன்ன பதில்கள் அதிகம் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜெயகிருஷ்ணன் சார் மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“காலங்கார்த்தால கேட்டைத் திறந்துவிடச் சொல்லி செக்யூரிட்டிக்கு நான் ஃபோன் பண்ணிடறேன்” என்றார். பிறகு, “நாளைக்கு சண்டேடா. சேலையை எடுத்துட்டா தொட்டிலுக்கு என்ன பண்ணுவே?”

“நைலக்ஸ் துணி இருக்கு சார். மணல் பையும் தைச்சுட்டேன்.”

“வேண்டாம்” என்றார். “நாளைக்குத் தொட்டில் வேண்டாம். நெல் மட்டும் குத்தட்டும்.”

அறைக்கு வரும் முன் தமிழ்நாட்டு வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். யாரோ அடுப்பு பல்பை அணைக்காமல் போயிருந்தார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் சேலையின் புள்ளிகள் தெரிந்தன. கல் கிடக்கும் இடத்தில் துணி கீழே தொய்ந்திருந்தது. காற்று இல்லை, தொட்டில் ஆடவில்லை. பல்பை அணைத்துவிட்டு வந்தேன்.

நாளைய வேலை: ஆறரை மணிக்கு வாசலில் சாவி வாங்க வேண்டும். தொட்டிலிலிருந்து குழவிக்கல்லை எடுத்து அம்மியின் மேல் வைக்க வேண்டும். முடிச்சை அவிழ்க்க வேண்டும். சேலையை உதறாமல், துவைக்காமல் நான்காக மடித்து, மோதி பாக்கில் எட்டு மணிக்குள் கொடுக்க வேண்டும்.